சொந்தப் பாட்டு வெளியிடுகிறவர்களே, பாண்டியில் சுற்றும் இந்த 'லேபிள்' ஆட்களிடம் ஜாக்கிரதை

பாண்டி, கடலூர் பக்கம் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, கைக்காசைச் செலவழித்துப் பாட்டு வெளியிடும் எல்லோருக்கும் இந்தப் பதிவு. இன்ஸ்டாகிராமில் "ப்ரோ, உங்க வாய்ஸ் வேற லெவல், எங்க லேபிள்ல சைன் பண்றீங்களா?" என்று ஒரு மெசேஜ் வரும். லேபிள் என்றால் பாட்டு வெளியிடுகிற கம்பெனி. எனக்குப் போன வருஷம் வந்தது. இப்போது ஜூன் 21 இசைவிழா நெருங்குகிற நேரம் பார்த்து, புதுப் பெயர், புது லோகோவோடு அதே ஆட்கள் மறுபடி கிளம்பியிருக்கிறார்கள். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. வேலை செய்கிற விதத்தைச் சொன்னாலே உங்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நான் வார இறுதிகளில் ஒயிட் டவுன் பக்கத்து ரெஸ்டாரண்ட்களில் கிட்டார் வாசித்துப் பாடுகிறவன். புத்தாண்டு வாரத்தில் ஒரே நாளில் இரண்டு இடத்தில் கூப்பிடுவார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் "இந்த வாரம் வேணாம் தம்பி, டேபிளே ஃபுல் ஆகல" என்று போன் வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையேறிய பிறகு கையில் இருந்த புக்கிங் மொத்தமும் போச்சு. பாடுவதும் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். நடுவில் சொந்தப் பாட்டு ஒன்றை நைசாக நுழைத்துவிடுவேன். இதிலெல்லாம் எனக்குப் புகார் இல்லை. பணத்துக்குப் பதில் "எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்று சொல்கிற ஹோட்டல்காரர்கள்கூட கஞ்சர்கள்தான், திருடர்கள் இல்லை. இது வேறு ரகம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பாட்டு கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை நடக்கிற மீன் ஏலத்தைப் பற்றியது. பாட்டின் தொடக்கத்தில் ஏலம் கூவுகிற ஒரு அக்காவின் குரல் வரும். அவரிடம் கேட்டு, அனுமதி வாங்கி, என் போனில் பதிவு செய்தது. "பாட்டுல வந்தா எம் பேரனுக்குப் போட்டுக் காட்டு" என்றார், அவ்வளவுதான் அவர் கேட்ட சம்பளம். மிக்ஸிங், மாஸ்டரிங் வரை எல்லாம் என் செலவு. ஸ்டுடியோ பில் என் பெயரில் இருக்கிறது. இந்த பில்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மெசேஜ் அனுப்பிய அந்த லேபிள் ஆள் மிஷன் வீதி பக்கம் ஒரு காபிக் கடைக்கு வரச் சொன்னார். லேப்டாப்பும் லெட்டர்பேடுமாக வந்திருந்தார். பேச்சில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து. "ஸ்பாட்டிஃபைல 2024லேர்ந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீம் தாண்டலன்னா பைசா கிடையாது, தெரியும்ல?" என்றார். அந்த விதி நிஜம். அதைச் சொல்லிப் பயமுறுத்திவிட்டு, "நாங்க ப்ளேலிஸ்ட்ல ஏத்திடுவோம், எடிட்டோரியல் டீம் நம்ம ஆளுங்கதான்" என்றார். இது பொய். ஸ்பாட்டிஃபை ஊழியர்களே பாட்டைத் தேர்ந்தெடுக்கிற எடிட்டோரியல் ப்ளேலிஸ்ட்டில் காசு கொடுத்து இடம் வாங்க வழியே இல்லை. ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கத்தில், ரிலீஸுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் நாமே இலவசமாகப் பாட்டை முன்மொழியலாம். எடுப்பதும் விடுவதும் அவர்கள் இஷ்டம். இடையில் ஒருவர் "ஆள் இருக்கு" என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

பேக்கேஜ் 24,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி ரிலீஸ் அன்று. பணம் போனது கம்பெனி கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் ஜிபேவுக்கு. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு "ஆடிட்டர் அனுப்புவார்ணே" என்றார். ஆடிட்டர் இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

ஒப்பந்தம் மூன்று பக்கம். பாட்டை எல்லாத் தளங்களிலும் ஏற்றிக் கொடுக்க 'உரிமம்' (லைசென்ஸ்) என்றுதான் அதில் எழுதியிருந்தது. உரிமையை விற்றதாக ஒரு வரிகூட இல்லை. எத்தனை காலம், எந்தெந்த நாடு என்கிற இரண்டு இடங்களில் கோடு மட்டும் போட்டுக் காலியாக விட்டிருந்தார்கள். கேட்டேன். "அது டிஸ்ட்ரிபியூட்டர் சைடுல ஃபில் பண்ணுவாங்க, ஃபார்மட் அப்படி" என்றார். டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பாட்டைத் தளங்களுக்கு அனுப்பி ஏற்றுகிற கம்பெனி. கையெழுத்துப் போட்ட பிரதியை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொண்டேன். இன்று என் பக்கம் இருக்கிற பெரிய ஆதாரம் அந்தப் படம்தான்.

பாட்டு வந்தது. முதல் வாரமே ஸ்ட்ரீம் எகிறியது. வீட்டில் இனிப்பு வாங்கினோம். அப்புறம் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸைத் திறந்து பார்த்தேன். ஸ்ட்ரீம் 46,000. பாட்டை சேவ் செய்தவர்கள் 11 பேர், அந்தப் பதினோரு பேரும் எனக்குத் தெரிந்தவர்கள். கேட்டவர்கள் எந்த ஊர் என்று பார்த்தால், நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு வெளிநாட்டு நகரம் முதலிடத்தில் இருந்தது. கடலூர், பாண்டி, சென்னை எல்லாம் சேர்த்தும் அதன் ஓரத்துக்கு வரவில்லை. முதுநகர் மீன் ஏலத்தைக் கேட்க அங்கே அவ்வளவு கூட்டமா? போலிக் கணக்குகளை வைத்து ஓட்டவிட்ட ஸ்ட்ரீம். கொஞ்ச நாளில் ஸ்பாட்டிஃபையில் அந்த எண்ணிக்கையைக் கழித்துவிட்டார்கள், பாட்டும் அந்தத் தளத்திலிருந்து போய்விட்டது.

இதற்குப் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் பாட்டை அனுப்பிய டிஸ்ட்ரிபியூட்டர் அல்லது லேபிளிடம் ஸ்பாட்டிஃபை 2024 முதல் அபராதம் பிடிக்கிறது. அந்த அபராதம் என்று சொல்லி என்னிடமே பணம் கேட்டார் மனுஷன்! "உங்க பாட்டால எங்க அக்கவுண்ட்டுக்குக் கெட்ட பேரு ப்ரோ." போலி ஸ்ட்ரீமுக்குக் காசு வாங்கியவரும் அவர்தான், அதற்கு அபராதம் கேட்டவரும் அவர்தான்.

சரி, 24,000 போனது போகட்டும், வேறு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக நானே ஏற்றிக்கொள்கிறேன் என்று இறங்கினேன். அப்போதுதான் குட்டு முழுதாக வெளிப்பட்டது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கம் நான் இதே பாட்டைப் பாடி, இடையில் ரெக்கார்டிங்கை ஓடவிட்ட ஒரு வீடியோவை யூடியூபில் போட்டேன். காப்பிரைட் கிளெய்ம் வந்தது. உரிமையாளர் இடத்தில் அந்த லேபிளின் பெயர். ஏலம் கூவும் அக்காவின் குரலை மட்டும், என் போனில் எடுத்த அதே துண்டை, ஷார்ட்ஸாகப் போட்டேன். அதற்கும் கிளெய்ம். முதுநகர் அக்காவின் தொண்டைக்கே இவர்கள் உரிமையாளராம்.

எப்படி என்றால், பாட்டை ஏற்றும்போதே, யூடியூபில் உரிமையாளரைப் பதிந்து வைக்கிற கன்டென்ட் ஐடியில் தங்கள் பெயரில் பதிந்துவிட்டார்கள். அதன்பிறகு அந்த ஒலி யூடியூபில் எங்கே வந்தாலும் இயந்திரமே கண்டுபிடித்து, விளம்பரக் காசை அவர்கள் பக்கம் திருப்பிவிடும். மற்ற தளங்களில் பாட்டின் கிரெடிட்ஸைத் திறந்து கீழே பாருங்கள், வட்டத்துக்குள் 'பி' எழுத்துப் போட்டு ஒரு பெயர் இருக்கும். ஒலிப்பதிவு யாருடையது என்று சொல்கிற வரி அது. என் பாட்டில் அங்கே என் பெயர் இல்லை. ரிலீஸ் ஆன அன்றே முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். ஸ்ட்ரீம் எண்ணிக்கை எங்கேயும் ஓடிவிடாது.

லேபிளைக் கேட்டால் "லைஃப்டைம் ரைட்ஸ் கொடுத்துட்டீங்களே" என்கிறார்கள். பாண்டி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிற என் கல்லூரி சீனியரிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். காலி இடங்களைப் பார்த்துச் சிரித்தார். 1957ஆம் வருஷத்துக் காப்பிரைட் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருஷம்தான். எந்த நாடு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உரிமத்துக்கும் இதே விதியை 30ஏ பிரிவு பொருத்துகிறது. தங்களுக்கு வசதி என்று காலியாக விட்ட கோடுகள் அவர்கள் காலையே வாரிவிட்டன.

இன்னொன்றும் சொன்னார். ஒலிப்பதிவுக்குச் சட்டத்தில் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர், அதாவது அந்தப் பதிவை முன்னின்று, பொறுப்பேற்று எடுத்தவர். ஸ்டுடியோ பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். பில் கேட்கக் கூச்சப்படாதீர்கள், நண்பர் ஸ்டுடியோவாக இருந்தாலும் கேளுங்கள். அப்புறம், பாட்டும் மெட்டும் எழுதியவருக்கு ராயல்டியில் இருக்கிற சமபங்கை 2012 திருத்தத்துக்குப் பிறகு ஒப்பந்தம் போட்டுக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. "ராயல்டி எதுவும் கோரமாட்டேன்" என்று எழுதி வாங்கியிருந்தாலும் அந்த வரி செல்லாது. இப்போது, பாட்டும் மெட்டும் எழுதுகிறவர்களுக்கு ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற ஐபிஆர்எஸ் சங்கத்தில் சேர விண்ணப்பித்திருக்கிறேன். காப்பிரைட் பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் வழக்கு என்று வந்தால் கையில் ஒரு சான்று இருப்பது தெம்பு. மெட்டுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய், ஆன்லைனிலேயே செய்யலாம்.

யூடியூப் கிளெய்மை எதிர்க்க விரும்புகிறவர்களுக்கு: டிஸ்பியூட் போட்டால் எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். எனக்கு அவர்கள் அதை நிராகரித்தார்கள். அடுத்து அப்பீல், அதற்கு 7 நாள். இந்தக் கட்டத்தில் நிறையப் பேர் பயந்து விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் எதிர்த்தரப்பு வீடியோவை நீக்கக் கோரி நோட்டீஸ் கொடுத்தால் சேனலுக்கு ஸ்ட்ரைக் விழும், மூன்று விழுந்தால் சேனலே போகலாம். கையில் பில்லும் ஒப்பந்தப் படமும் இருந்ததால் நான் அப்பீல் போட்டேன். காந்தி சிலை வீடியோவுக்கு அவர்கள் பதிலே சொல்லவில்லை, கிளெய்ம் தானாக விழுந்துவிட்டது. அக்காவின் குரல் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது, அதற்கும் அப்பீல் போயிருக்கிறது. விளம்பரக் காசு வருகிற சேனல் என்றால், கிளெய்ம் வந்த 5 நாளுக்குள் டிஸ்பியூட் போடுங்கள். முடிவு தெரியும்வரை முதல் நாளிலிருந்து வருகிற காசை யூடியூப் தனியாக வைத்திருக்கும்.

ஒலிப்பதிவின் அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சியையும் கேட்டு வாங்கிவிடுங்கள், எழுத்தும் எண்ணுமாக 12 இடம். டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கணக்கு தொடரும். எனக்கு அதைக் கொடுக்க மூன்றாயிரம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. பணம் போன விஷயமாக சைபர் மோசடி உதவி எண் 1930க்கும் சைபர் கிரைம் தளத்திலும் புகார் கொடுத்து, எண் வாங்கி வைத்திருக்கிறேன்.

இதே மூன்று பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வில்லியனூரிலிருந்து ஒருவர், நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் ஏற்கெனவே பேசினார்கள். உங்களிடமும் அந்தத் தாள் இருந்தால், காலம், நாடு என்கிற அந்தக் கோடுகள் இன்னும் காலியாக இருக்கின்றனவா பாருங்கள். காலியாக இருந்தால் இன்றே படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள், தேதி பதிவாகிவிடும். "ஒரிஜினலைக் கொண்டாங்க ப்ரோ, ரெனியூ பண்ணித் தரோம்" என்று இந்த வாரம் போன் போட ஆரம்பித்திருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள், வக்கீல் எல்லாப் பிரதிகளையும் சேர்த்து ஒரே நோட்டீஸாக அனுப்பப் போகிறார்.