எங்கள் பிரதேச சபையின் குப்பை வண்டியும் பசளையும்: கட்டிய சோலைவரிக்குப் பெறுமதியா?

அம்பாறைக் கரையோரத்தில் இருக்கும் எங்கள் பிரதேச சபை வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்துத்தான் எடுக்கிறது. சமையல் கழிவுக்கு ஒரு நாள், பிளாஸ்டிக், போத்தல், கடதாசிக்கு வேறொரு நாள். சமையல் கழிவில் செய்த பசளையைச் சபையிலேயே விற்கிறார்கள். பென்சன் எடுக்கும்வரை கணக்குக் கிளையில் இருந்தவள் நான். ஒரு சேவை நல்லதா என்று பார்க்கும்போதே அது எவ்வளவுக்கு முடிகிறது என்றும் பார்ப்பேன்.

வண்டி நேரத்துக்கு வருகிறது. வேலையாட்கள் பேக்கை வாங்கியதும் வண்டிப் பெட்டிக்குள் வீசுவதில்லை, முடிச்சை அவிழ்த்துப் பார்க்கிறார்கள். சோற்றோடு சொப்பிங் பேக்கும் கிடந்தால், "அக்கா, இதப் பிரிச்சு வையுங்க, அடுத்த முறை ஏத்துறம்" என்று படலையடியிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். இதற்காக ஒழுங்கையில் சிலர் அவர்களை ஏசுகிறார்கள். என்னைக் கேட்டால், சபைச் செலவைக் குறைக்கும் வேலை அந்த முடிச்சை அவிழ்ப்பதில்தான் தொடங்குகிறது.

நம் குப்பையில் பாதிக்கு மேல் மீன் செதில், மரக்கறித் தோல், இளநீர்க் கோம்பை மாதிரி ஈரமானவை. பாரம் எல்லாம் அதில்தான். பிரிக்காமல் ஏற்றினால் அந்தத் தண்ணீரையும் டீசல் எரித்துத் தூரத்துக் குப்பை மேட்டுக்கு இழுக்க வேண்டும். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாய்க்கு அடித்த ஒட்டோ டீசல் 2022 ஜூனில் 460 ரூபாய். வீடு வளவுக்குச் சபை அறவிடும் சோலைவரி அந்த வேகத்தில் ஏறவில்லை, ஏறவும் கூடாது. சம்பளத்துக்கு அரசாங்கத்திடமிருந்து பணம் வருகிறது. டீசல், டயர், திருத்த வேலைக்குச் சோலைவரி, சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம் போன்ற சொந்த வருமானத்தைத்தான் நம்ப வேண்டும்.

காசு இறுகினால் சபை உடனே செய்வது வண்டி வரும் நாட்களைக் குறைப்பது. அது சிக்கனமே இல்லை. எடுக்காத குப்பை வாய்க்காலுக்குப் போகும். மாரிக்கு முன் அதை அள்ளப் பெக்கோ இயந்திரம் பிடித்தால் மிச்சம் பிடித்த டீசல் காசு அதற்கே காணாது.

கொட்டும் இடத்தையும் நினைக்க வேண்டும். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான பல சபைகளின் குப்பை போன பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில், எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அந்தப் படங்களைப் பார்த்த பிறகும் சோற்றைச் சொப்பிங் பேக்கில் கட்டி எறிய எப்படி மனம் வருகிறது?

அப்புறம் பசளை. கத்தரிக்கும் பயற்றைக்கும் போட்டேன், இலை நல்ல கரும்பச்சை. புளித்த மணம் இல்லை, கையில் அள்ளினால் தேயிலைத்தூள் மாதிரி உதிர்கிறது. விலையும் கடையை விடக் குறைவு. ஆனால் கடைசியாக வாங்கிய பேக்கில் ஷாம்பூ பக்கற்றின் ஓரங்களும் ஒரு கண்ணாடித் துண்டும் கிடந்தன. வெறுங்கையால் மண் கிளறுகிறவர்களுக்கு அது ஆபத்து. இன்னும் சிறிய கண் அரிதட்டில் சலிக்க வேண்டும்.

என் பெரிய குறை வேறு. கல்யாண மண்டபங்களும் சாப்பாட்டுக் கடைகளும் ஒரே இரவில் ஒரு பெட்டி நிறையக் கொடுக்கின்றன, பிரிக்காமல். அங்கே யாரும் முடிச்சை அவிழ்ப்பதில்லை. வீட்டுக்காரிக்கு உள்ள சட்டம் மண்டபத்துக்கும் வேண்டும். லோட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து, பிரித்துத் தந்தால் குறைக்கலாம்.

சேவைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், பசளைக்கு மூன்றரை. வருடச் சோலைவரி முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் தள்ளுபடி உண்டு, அதை விட வேண்டாம். வரவுசெலவுத் திட்டத்தில் குப்பைக்கான எரிபொருளையும் திருத்தச் செலவையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுவேன்.