பனை உச்சியைப் பார்த்து இறங்கு: பாக் விரிகுடாவில் மூன்று வருடக் கயாக் தூண்டில்

கோவைக்காரனான எனக்குத் தெரிந்த தண்ணீர் ஆழியாறும் பவானிசாகரும்தான். ஜிலேபியும் கெண்டையும் பிடித்துப் பழகிய கை. 2022இல் வேலை மாற்றலில் ராமநாதபுரம் வந்ததும், கடல் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறதே என்ற ஆசையில் நவம்பரிலேயே ஒரு கயாக், அதாவது ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகு, வாங்கிவிட்டேன். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும் மாதத்தில் பாக் விரிகுடாக் கரைக்குக் கயாக் வாங்கியவனைப் பற்றி ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்பது இப்போது புரிகிறது. பிப்ரவரி வரை அது மொட்டை மாடியில் கிடந்தது.

பதினோரு அடி நீளம், 29 கிலோ எடை, அறுபதாயிரத்துக்குச் சற்று மேல். உள்ளே கால் நுழைக்கும் வகை இல்லை. கட்டுமரம் மாதிரி மேலே உட்காருவது. அலை ஏறினாலும் அடிப்பக்கத் துளைகள் வழியே தண்ணீர் தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து ஏறிப் பழகினேன். முதலில் வயிறு, அப்புறம் இடுப்பைத் திருப்பி உட்காருவது, கடைசியில் கால்கள். பத்தாவது முயற்சியில்தான் கை வந்தது. கடலில் புதிதாக இறங்குகிறவர்கள் தூண்டிலைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

நான் இறங்குவது வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரைப் பக்கம். முதல் நாளே ஊர்த் தலைவரைப் பார்த்துச் சொன்னேன். மரைன் போலீஸ் நிலையத்தில் பெயர், செல் எண், கயாக்கின் படம் எல்லாம் கொடுத்தேன். எதிரே இலங்கை உள்ள கடல். இந்த மஞ்சள் வஸ்து என்னவென்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டும் போனில் இருக்கின்றன. தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் தூண்டிலோடு போவதில்லை. அங்கே 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இலிருந்து தேசியப் பூங்கா.

இந்தப் பக்கத்தில் பாக் கடலைப் பெண்கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். வாடைக் காலத்தில் பாக் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கச்சான் காற்றில் ஆண்கடல் கொந்தளிக்க, இது அடங்கிக் கிடக்கும். இதைக் கேட்டதும் எனக்குக் கணக்கு சுலபமாகிவிட்டது: கச்சானில் நம் கடல் அமைதி, ஆகவே போகலாம்.

2023 ஜூனில் ஒரு காலை. கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. ஏழே காலுக்கு இறங்கினேன். நண்டு வலை மிதவைகளுக்கு அப்பால் ஊளி மீன் பாய்வது தெரிந்தது. மீன் மாதிரி மினுக்கும் உலோகத் தூண்டில் இரையான ஸ்பூனை இழுத்தபடி பின்னாலேயே போனேன். துடுப்புப் போடாமலே கயாக் வழுக்கிக்கொண்டு போனதில் ஒரே பெருமை. எட்டே முக்காலுக்குத் திரும்பினால் முகத்தில் காற்று. அதுவும் கரையிலிருந்து. கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது, இந்தக் கரை வடகிழக்கைப் பார்த்திருக்கிறது. கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை, பனந்தோப்பு வேறு காற்றை மறைத்துக்கொள்கிறது. சில நூறு மீட்டர் தாண்டிய பிறகுதான் காற்று தண்ணீரில் இறங்கும். நான் அமைதி என்று நினைத்தது, என்னை முதுகில் தள்ளிக்கொண்டு போன காற்றைத்தான்.

கரை ஒன்றேகால் கிலோமீட்டர். இருபது நிமிடம் துடுப்புப் போட்டதில் தோள் விட்டுப்போனது. தண்ணீர் குடிக்கக் கையை எடுத்த அரை நிமிடத்தில், பக்கத்தில் இருந்த நண்டு மிதவை மெல்ல என்னைத் தாண்டிக் கரைப் பக்கம் போனது. மிதவை எங்கே போகும்? பின்னால் போனது நான்தான்.

காப்பாற்றியது நங்கூரம். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம், பதினைந்து மீட்டர் கயிறு. அந்த இடத்தில் ஆழம் இரண்டு பாகம்தான், பன்னிரண்டு அடி. முன்முனை வளையம் வழியாகக் கயிற்றை விட்டதும் கயாக் காற்றைப் பார்த்து நின்றது. பக்கவாட்டில் கட்டியிருந்தால் கவிழ்த்திருக்கும். ஐந்து நிமிடம் மூச்சு வாங்குவது, கயிற்றை இழுப்பது, பத்து நிமிடம் துடுப்பு, மறுபடி நங்கூரம். கரை சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “தண்ணியப் பாத்து எறங்குனீகளாக்கும் தம்பி? பனை உச்சியப் பாக்கணும்.”

அதிலிருந்து வண்டியை நிறுத்தியதும் முதலில் பனையைத்தான் பார்க்கிறேன். ஓலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் டீ குடித்துவிட்டு வீடு திரும்புவதுதான். முந்தைய இரவே இன்காய்ஸ் (கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு மையம்) தரும் காற்று, அலை முன்னறிவிப்பைப் பார்க்கிறேன். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் என்றால் அலாரமே வைப்பதில்லை. கச்சான் மாதங்களில் முந்நூறு மீட்டர்தான் எல்லை. நிம்மதியாகப் போவதெல்லாம் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மட்டும். வருடத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும் பொருளுக்கு இவ்வளவு காசா என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சரி, பொருளுக்கு வருவோம். உடம்பு கெட்டி. கடலடியில் இருக்கும் பாறைத் திட்டான பார் உரசியிருக்கிறது, கரைக் கல்லில் இழுபட்டிருக்கிறது, கீறலோடு சரி. மாடிச் சுவரில் சாய்த்து வைத்ததில் விழுந்த பள்ளம், வெயிலில் திருப்பிப் போட்டதும் இரண்டே நாளில் தானாக எழும்பிவிட்டது. ஆனால் கயாக்கை ஏற்றி இழுத்துப் போகக் கூடவே விற்ற இரண்டு சக்கரத் தள்ளுவண்டிதான் வில்லன். அதன் இரண்டு கம்பிகள் கயாக்கின் வடிகால் துளைகளுக்குள் நுழைந்து நிற்கும். மணலில் இழுக்கும்போது மொத்த எடையும் அந்தத் துளை விளிம்பில்தான் விழும். பதினெட்டு மாதத்தில் ஒரு துளைக்குள் மயிரிழை விரிசல். உள்ளே தண்ணீர் சேர்ந்து, திரும்பும்போது பின்பக்கம் கனத்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். விற்ற கடையில் கேட்டால், “சார், அது யூசர் மிஸ்டேக்” என்றார்கள். வண்டியை விற்றதும் அவர்களேதான்.

எபாக்சி பசை ஒரே பயணத்தில் உரிந்து வந்துவிட்டது. கயாக்கின் உடம்பு பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், அதில் சாதாரணப் பசை சரியாகப் பிடிக்காது. கடைசியில் தீர்த்துவைத்தவர், டவுனில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஓட்டை அடைக்கிறவர். விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார், “தொட்டிதானே இது” என்றார். பழைய தொட்டியிலிருந்து வெட்டிய பட்டையைச் சூட்டுக் காற்றில் உருக்கி, தோசை வார்ப்பது போல ஓரத்திலிருந்து தடவினார். முந்நூறு ரூபாய். கறுப்புத் தழும்பு ஒன்று இருக்கிறது, ஒன்றரை வருடமாக ஒரு சொட்டு இறங்கவில்லை. வண்டியை மாற்றி, உடம்பைப் பட்டையால் கட்டி ஏற்றும் வகை வாங்கிக்கொண்டேன்.

கூடவே வந்த அலுமினியத் துடுப்பு, உப்பும் மணலும் புகுந்து நடு இணைப்பில் இறுகிவிட்டது, இனி பிரியாது. ஃபைபர் துடுப்புக்கு மாறியதும் மணிக்கட்டு வலி போனது. தூண்டில் நூலைச் சுற்றும் ரீல் ஏழு மாதத்தில் கரகரவென்றது. பைப்பைச் சீறவிட்டுக் கழுவினால் உப்பு உள்ளே போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாவது ரீலை, நூலின் இழுவையைக் கட்டுப்படுத்தும் டிராக் திருகை இறுக்கி மூடி, குவளையில் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைக்கிறேன்; இன்னும் ஓடுகிறது. லைஃப் ஜாக்கெட் முதுகுப் பக்கம் மெல்லியதாக உள்ளதாகப் பாருங்கள். தடித்ததென்றால் சீட்டில் இடித்துக்கொண்டே இருக்கும், அரை மணி நேரத்தில் கழற்றத் தோன்றும். ஆரஞ்சுக் கொடி கட்டாயம். வேகமாக வரும் வல்லத்துக்கு நாம் தண்ணீரோடு தண்ணீராகத்தான் தெரிவோம்.

மீனா? வீட்டுக் குழம்புக்கு வரும், அவ்வளவுதான். நோட்டில் எழுதி வைத்த 104 பயணங்களில் 41இல் வெறுங்கை. பார் ஓரத்தில் இறால் கோத்துப் போட்டால் விளமீன், எப்போதாவது செப்பிலி. ஸ்பூனை இழுத்தால் ஊளி, சின்னப் பாறை மீன். உப்பிக்கொள்ளும் பேத்தை மீன் கூட்டத்தில் மாட்டினால் நூலைக் கத்தரிக்கோல் வைத்த மாதிரி நறுக்கிவிடும், இடத்தை மாற்றுவது தவிர வழியில்லை. கெளுத்தியை மட்டும் கையால் தொடாதீர்கள். மடியில் துள்ளிய ஒன்று கட்டை விரலில் முள்ளைச் செருகி, முழங்கை வரை வலி ஏறியது. தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் ஒரு மணி நேரம் கையை வைத்த பிறகுதான் அடங்கியது. முள் ஒடிந்து உள்ளே நின்றிருந்தால் ஆஸ்பத்திரிதான். இப்போது கயாக்கில் ஒரு குறடு தொங்குகிறது.

என் கயாக்குக்குப் பக்கத்தில் அடிக்கடி ஒருவர் வருவார். தெர்மாகோல் பலகைகளைச் சேர்த்து வலையால் சுற்றிக் கட்டிய மிதவை, கையில் இரண்டு மரப்பட்டை. அதில் உட்கார்ந்து கணவாய் பிடிப்பார், நான் பிடிப்பதைப் போல மூன்று மடங்கு. போன மார்ச்சில் ஒரு நாள் கயாக்கைக் கேட்டார். துடுப்பைக் கொடுத்தேன். கால் மணி நேரம் சுற்றிவிட்டு வந்து, விலையைக் கேட்டார், சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. “சீட்டு நல்லாருக்கு தம்பி, முதுகு நோவல” என்றார் கடைசியில்.

அடுத்த வாரம் பார்த்தால், அவருடைய தெர்மாகோலில் கால் வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கட்டியிருந்தது.