மட்டக்குதிரைக் குட்டியை வண்டியில் பூட்டுவது: இரண்டு வயதிலா, நான்கை நெருங்கும்போதா?

இராயக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பில் வளரும் பெண் மட்டக்குதிரைக் குட்டிக்கு இரண்டு வயது நெருங்கியபோது, அதை உடனே வண்டியில் பூட்டிப் பழக்குவதா, மூன்றரை வயது தாண்டும்வரை பொறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. நாங்கள் பொறுத்தோம். இப்போது அது தோப்புக்கும் ஊருக்கும் நடுவே வண்டி இழுக்கிறது. ஆகவே இந்த ஒப்பீடு தாமதமாகப் பூட்டுவதன் பக்கமே சாயும்.

இரண்டு வயதில் பூட்டுவோரின் வாதம் லேசானதல்ல. கிருஷ்ணகிரியில் நெடுங்காலம் குதிரை வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் எங்களிடம், "பல்லு விழறதுக்கு முன்னாலயே பூட்டிடுங்க தம்பி, வளந்துட்டா முரண்டு பிடிக்கும்" என்றார். குட்டியின் உடல் எடை குறைவாக இருக்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவது எளிது. பயமும் பிடிவாதமும் வேரூன்றும் முன்னரே பழக்கம் படிந்துவிடும். ஒன்றரை ஆண்டு வேலை வாங்காமல் கொள்ளும் தீவனமும் போடும் செலவு மிச்சமாகும். விற்க நினைப்பவருக்கு வண்டி பழகிய குட்டிக்கு விரைவில் ஆள் கிடைக்கும். வண்டி இழுக்கும் குதிரை முதுகில் ஆளைச் சுமப்பதில்லை என்பதால், சவாரிக்கு உரிய வயதுக்கு முன்பே வண்டிக்குப் பழக்கலாம் என்பதும் ஓரளவு உண்மையே.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கொள்ளு விளையும் மாவட்டம் இது. சொந்த நிலத்தில் கொள்ளும், கேழ்வரகுத் தாளும் இருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு தாங்கக்கூடியது, எல்லாவற்றையும் விலைக்கு வாங்குபவருக்குச் சுமைதான். ஆனால் நன்றாகப் பராமரித்த மட்டக்குதிரை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பெரியவர் சொன்ன பல் விஷயத்தை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். குதிரைக்கு ஏறத்தாழ 2½ வயதில் நடு முன்பற்கள் விழுந்து புதியவை முளைக்கின்றன. 3½ வயதில் அடுத்த இணையும், 4½ வயதில் ஓரப் பற்களும் மாறுகின்றன. கடைவாயில் புதுப் பல்லின் மேல் மூடிபோல் ஒட்டியிருக்கும் பால்பற்கள் கழல்வதும் இதே காலத்தில்தான். ஈறு வீங்கி நோகும் வாயில் கடிவாள இரும்பைத் திணித்தால், குட்டி தலையை உதறும், வாயைத் திறக்கும், ஒரு பக்கமாக இழுக்கும். அதைத் திமிர் என்று எண்ணி வாரை இன்னும் இறுக்குபவர்கள் உண்டு. சில குட்டிகளுக்கு மேல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சிறிய பல் ஒன்று முளைத்திருக்கும். இரும்பு அதில் உரசினாலும் வலிக்கும். எப்போது பூட்டினாலும் அதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டிவிட வேண்டும்.

இவையெல்லாம் இரண்டு பக்கமும் பேசக்கூடியவை. என் முடிவைத் தீர்மானித்தது எங்கள் ஊர்ப் பாதைகளில் இருக்கும் இறக்கம். இராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரத்தில் தோப்பிலிருந்து ஊருக்கு வரும் வழி பெரும்பாலும் ஏறி இறங்கும் வழியாகவே இருக்கிறது. ஏற்றத்தில் குதிரை திணறினால் நின்றுவிடலாம், வண்டியிலிருந்து நாம் இறங்கி நடக்கலாம். இறக்கத்தில் நிலைமை வேறு. பிரேக் இல்லாத சிறிய இரு சக்கர வண்டி முன்னால் உருண்டு வரும்போது, அதன் முழு உந்தலையும் பின்தொடையைச் சுற்றியுள்ள வாரின் வழியாகக் குதிரைதான் தாங்குகிறது. அது பின்னங்கால்களை உடலுக்கு அடியில் கொண்டுவந்து, ஏறக்குறைய உட்காருவதுபோல் எடையைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அதே நேரத்தில் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் குதிரையின் இரு பக்கமும் நீளும் வண்டித் தண்டுகள் முதுகுச் சேணத்தை அழுத்துகின்றன. சமதரையில் முதுகில் பாரமே இல்லை என்ற வாதம் இறக்கத்தில் செல்லாது.

இளம் குட்டியின் எலும்புகளை இந்த இடத்தில்தான் நினைக்க வேண்டும். குதிரையின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு கீழிருந்து மேலாக, எலும்பாக இறுகி முதிர்கிறது. குளம்பை ஒட்டிய எலும்புகள் முதல் ஆண்டுக்குள் முடிந்துவிடும். முன்முழங்காலுக்கு மேலே உள்ள எலும்பின் கீழ்முனை முதிர 2 முதல் 2½ ஆண்டுகள் ஆகும். தொடையும் இடுப்பும் மூன்று வயதைத் தாண்டியே முதிரும். முதுகெலும்பு ஐந்து வயதுக்கு மேலும் வளர்ந்துகொண்டிருக்கும். மட்டக்குதிரை உருவில் சிறியதாக இருப்பதால் இந்த வரிசை விரைந்து முடிவதில்லை. ஆக, இறக்கத்தில் எந்த உறுப்புகள் பாரம் தாங்க வேண்டுமோ, இரண்டு வயதில் அவையே முதிராமல் இருக்கின்றன. உயரம் நின்றுவிட்டது, உடல் திரண்டுவிட்டது என்று வெளித்தோற்றத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது இதனால்தான் போதாது.

வண்டி பின்னாலிருந்து தள்ளும்போது தாங்க முடியாத குட்டி ஓடத் தொடங்கும் என்பது இன்னும் கடுமையான ஆபத்து. சவாரியில் மிரண்ட குதிரை ஆளைத் தள்ளிவிட்டால் அதன் பயம் அத்தோடு தணியலாம். பூட்டிய வண்டியோ எவ்வளவு வேகமாக ஓடினாலும் துரத்திக்கொண்டே வரும். அப்படி ஒருமுறை மிரண்ட குட்டியை மீண்டும் நம்பிச் சாலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம்.

1965ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு விதிகள், காற்றடைத்த சக்கரம் பொருத்திய இரு சக்கர வண்டியை இழுக்கும் மட்டக்குதிரைக்கு 600 கிலோவும், அது இல்லாத வண்டிக்கு 400 கிலோவும் உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றத்தில் சரிவு 30 மீட்டருக்கு 3 மீட்டரை மிஞ்சினால் இந்த அளவு பாதியாகும். நன்கு வளர்ந்த உடலுக்கான உச்சமாகவே நான் இதைக் கொள்கிறேன். முதல் ஆண்டில் எங்கள் குட்டி இதில் சிறு பங்கைக்கூட இழுக்கவில்லை.

காத்திருந்த காலம் சும்மா கழிந்த காலமல்ல. பெரியவர் சொன்ன இளமையின் இணக்கத்தை வண்டி இல்லாமலேயே பயன்படுத்த முடிந்தது. தலைக்கயிற்றில் பிடித்து லாரி போகும் சாலையோரம் நடத்தினோம்; எருது விடும் விழாக் காலத்தில் தொலைவிலிருந்து பறைச் சத்தம் கேட்கும்படி நிறுத்திப் பழக்கினோம். பிறகு வார்களை ஒவ்வொன்றாகப் போட்டு, இரண்டு நீளக் கயிறுகளோடு பின்னால் நடந்து, குரலுக்குத் திரும்பவும் நிற்கவும் கற்பித்தோம். பழைய டயரை இழுக்க வைத்தது மூன்று வயதுக்குப் பின்புதான். வட்டமாக ஓட விடுவதை மட்டும் மிகக் குறைத்துக்கொண்டோம், ஏனெனில் சிறு வட்டத்தில் மூட்டுகள் பக்கவாட்டில் திருகுகின்றன.

வயது வந்துவிட்டாலே குட்டி தயார் என்று நான் நினைக்கவில்லை. பின்னால் டயர் உரசும் சத்தத்துக்குக் காதைத் திருப்பிவிட்டு நடையை மாற்றாமல் போகிறதா, யாரும் பிடிக்காமல் பூட்டும்வரை அசையாமல் நிற்கிறதா, தொடை வாரில் அழுத்தம் விழும்போது வேகம் கூட்டாமல் எதிர்த்து நிற்கிறதா என்று பார்த்தோம். மூன்றாவது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. தொடை வாரில் கட்டிய கயிற்றை ஒருவர் முன்னோக்கி இழுத்தே அதைச் சோதித்துவிடலாம்.

காயடிக்காத ஆண் குட்டியோடு எனக்குப் பழக்கம் இல்லை; அவற்றை வளர்ப்பவர்கள், நான்கு வயதுவரை விட்டால் கட்டுப்படுத்துவது சிரமம் என்கிறார்கள், அதை மறுக்க என்னிடம் அனுபவம் போதாது. காவேரிப்பட்டணம்போல் சமவெளியில், காலி வண்டியோடு மட்டும் நடத்துபவருக்கு மூன்று வயது போதுமானதாகவும் இருக்கலாம். எங்கள் குட்டியை மூன்றரை வயதுக்குப் பின் சமமான மண் பாதையில் காலி வண்டியில் பூட்டினோம். இறக்கத்துக்கு நான்கு வயது தாண்டியே கொண்டுபோனோம். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்குவதை ஐந்து வயதுக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.