துருப்பிடித்த வீல் ஆர்ச்சில் பெரிய டயர்: வெட்டுவதா, பாடியைத் தூக்குவதா, சஸ்பென்ஷனை உயர்த்துவதா?

காட்டுப்பாதை வண்டிக்குப் பெரிய டயர் மாட்டுகிறவர்கள் துருவைத் தனி வேலையாகத் தள்ளிவைப்பது வழக்கம். முதலில் டயர், டிங்கரிங் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த வரிசை தப்பு. டயர் உரசப்போகும் இடமும் துரு முதலில் கிளம்பும் இடமும் பெரும்பாலும் ஒன்றேதான்: பின் வீல் ஆர்ச்சின் விளிம்பு, முன் ஃபெண்டரின் பின்பக்கக் கீழ்மூலை, கதவுக்கடியில் ஓடும் சில் தொடங்குகிற முனை. சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கேதான் போய் அப்பிக்கொள்கிறது. ஆகவே, டயருக்கு எந்த வழியில் இடம் உண்டாக்குவது என்பதைத் துரு எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கணக்கு. 235/75ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 31x10.5ஆர்15 (31 அங்குல விட்டம், 10.5 அங்குல அகலம்) மாட்டினால் விட்டம் 787 மி.மீ. கூடியது 54 மி.மீ.; ஆனால் ஆக்ஸிலுக்கு மேலே கூடுவது அதில் பாதி, 27 மி.மீ.தான். அகலம் 32 மி.மீ. கூடுகிறது. இந்த 27-ஐ மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஆஃப்செட் (ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் அளவு) குறைந்த ரிம் போட்டால் டயர் வெளியே தள்ளி நிற்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் வரையும் வட்டம் பெரிதாகி, முன்னே பம்பர் மூலையையும் பின்னே சில் முனையையும் தேடிப்போய் இடிக்கும். பழைய ரிம்மில் உரசாத அதே டயர் புது ரிம்மில் உரசுவது இதனால்தான்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதைச் சமதரையில் நிற்கும் வண்டியை வைத்து அளப்பதில் பயனில்லை. காயில் ஸ்பிரிங் வண்டியானால் ஸ்பிரிங்கைக் கழற்றி, பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, புது டயர் மாட்டிய ஆக்ஸிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலேறுவதை நிறுத்தும் ரப்பர் தடுப்பு) அழுந்தும்வரை தூக்குங்கள். அந்த நிலையிலேயே ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். பிறகு ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேலேறி, எதிர்ப்பக்கம் தொங்குகிற நிலை. டயர் தொடும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, அங்கிருந்து இன்னும் 25 மி.மீ. தள்ளிக் கோடு போடுங்கள். டயரில் ஒட்டிய சேறுக்கும் கல்லுக்கும் அந்த இடம் வேண்டும்.

இப்போது அதே கோட்டைச் சுற்றித் துருவைப் பாருங்கள். பெயின்ட் கொப்புளம் வெளியே ஒரு பட்டாணி அளவு தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கலாம். இரும்பைவிடத் துரு பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் பெயின்ட் உப்புகிறது, இரண்டு தகடு சேர்ந்த மடிப்பு வாய் பிளக்கிறது. பழைய ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு அட்டையைத் தட்டியதுபோல் மொத்தென்று கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் முனையால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தில் இரும்பு இல்லை, பெயின்ட்தான் நிற்கிறது. சில் ஓரத்தையும், சேசிஸில் பாடி உட்காரும் மவுண்ட்களையும் இதேபோல் சோதித்தாக வேண்டும்.

பாடி லிஃப்ட்

சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே 25 முதல் 50 மி.மீ. வரை கட்டை வைப்பது. டயருக்கும் ஆர்ச்சுக்கும் நடுவே எந்த நிலையிலும் அதே அளவு இடம் கூடும். ஸ்பிரிங் முழுக்க அழுந்தினாலும் கூடும். பாடியைத் தனியாகத் தாங்கும் சேசிஸ் உள்ள சுசுகி ஜிம்னி, டொயோட்டா லேண்ட் க்ரூசர் 70 போன்றவற்றில் மட்டுமே இது நடக்கும். ஜீப் செரோகீ எக்ஸ்ஜே, லாடா நிவா போலப் பாடியே சேசிஸாக அமைந்த வண்டிகளில் இந்த வழியே கிடையாது.

துருப்பிடித்த வண்டியில் இதன் சிக்கல் போல்ட். பல வண்டிகளில் மவுண்ட் போல்டின் நட் தரைத் தகட்டுக்குள் பெட்டிபோல் பற்றவைக்கப்பட்டிருக்கும். போல்ட் இறுகியிருந்தால் பெட்டி உடைந்து நட் உள்ளேயே சுற்றும், அல்லது போல்ட் முறியும். அப்புறம் தரையில் ஓட்டை போட்டு நட்டைப் பிடிக்க வேண்டியதுதான். மூன்று நான்கு நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வையுங்கள். முறுக்கும்போது கால் சுற்று கழற்றி, அதில் பாதி இறுக்கி, மறுபடி கழற்றி வாருங்கள். ஒரே இழுப்பில் திருகுவதுதான் போல்டை முறிக்கிறது. பாடி உயரும்போது ஸ்டியரிங் ஷாஃப்ட், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் உறை, பெட்ரோல் ஊற்றும் குழாய், எர்த் வயர் எல்லாம் இழுபடும், 25 மி.மீ.யில் பெரும்பாலும் சமாளிக்கலாம், 50-இல் ஒவ்வொன்றையும் மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும். மவுண்ட் உட்காரும் தகடே அரித்திருந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள். உயரமான கட்டை அந்தத் தகட்டின் மேல் விழும் நெம்பலைக் கூட்டும்.

சஸ்பென்ஷன் லிஃப்ட்

வண்டி உயர்ந்து நிற்பதைப் பார்த்து, டயருக்கு இடம் வந்துவிட்டதென்று நம்புவது இங்கே நடக்கும் பெரிய பிழை. நீளமான ஸ்பிரிங் போட்டாலும், முழுக்க அழுந்தும்போது ஆக்ஸில் பழைய பம்ப் ஸ்டாப்பில்தான் போய் நிற்கும். அப்போது டயர் ஆர்ச்சுக்குள் ஏறும் உயரம் முன்புபோலவேதான். அதைத் தடுக்கப் பம்ப் ஸ்டாப்பையும் நீட்ட வேண்டும். நம் உதாரணத்தில் 27 மி.மீ.க்குக் குறையாமல். நீட்டினால் மேல்நோக்கிய பயணம் அவ்வளவு குறைகிறது. பிரேக் ஹோஸ் நீளம், டிரைவ் ஷாஃப்ட் கோணம், காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) எல்லாம் பார்க்க வேண்டும். துருவைப் பொறுத்தவரை இந்த வழி ஒன்றும் செய்வதில்லை: ஆர்ச் அப்படியே இருக்கும், அரிப்பு அதன்பாட்டுக்கு நடக்கும். பாறை, பள்ளம் என்று அடிவயிறு இடிக்கிற பாதைக்கு இது தேவைதான். துருப்பிடித்த ஆர்ச்சை மறைத்துக்கொண்டு உயரம் ஏற்றுவதற்கு இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வெட்டுவது

துரு ஆர்ச் விளிம்பிலிருந்து 40, 50 மி.மீ.க்குள் நின்றிருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் வழி. அழுகிய பகுதியும் போகும், டயருக்கு இடமும் வரும். லிஃப்ட்டால் உயரும் புவியீர்ப்பு மையமும் இதில் உயராது.

முன் ஃபெண்டர் பெரும்பாலும் ஒற்றைத் தகடு, போல்டில் நிற்பது. கோடு போட்டு வெட்டினால் முடிந்தது. பின் ஆர்ச் அப்படியல்ல. வெளித்தகடும் உள் வீல் ஹவுஸும் விளிம்பில் ஸ்பாட் வெல்டால் சேர்ந்திருக்கும். அந்த வெல்டுக்கு மேலே வெட்டிய அடுத்த நொடி இரண்டும் பிரிந்து, நடுவே ஒரு விரல் நுழையும் வாய் திறக்கும். அதற்குள் காய்ந்த சேறும், இதழ் இதழாக உரியும் பழுப்புத் துருவும் குவிந்திருக்கும். இந்த வாயைச் சீலண்டால் மட்டும் அடைத்து மூடுகிறவர்கள் நிறைய. தண்ணீர் உள்ளே நிற்கும், பக்கத் தகடு தாங்கும் வலுவும் குறையும்.

சரியான முறை இது. வெளித்தகட்டைக் கோட்டில் 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கால் வெட்டுங்கள். உள்தகட்டை அதைவிட 25 மி.மீ. நீளமாக விடுங்கள். நீட்டி நிற்கும் அந்தப் பட்டையில் 25 மி.மீ.க்கு ஒரு கீறல் போட்டால் நாக்கு நாக்காகப் பிரியும். ஒவ்வொன்றையும் வெளிப்பக்கமாகத் தட்டி வெளித்தகட்டில் படிய வைத்துப் பற்றவையுங்கள். உள்தகடும் அரித்திருந்தால் 0.8 அல்லது 1 மி.மீ. புதுத் தகட்டில் பட்டை வெட்டி ஒட்டுப் போட வேண்டும். 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான் கலவை வாயு, குறைந்த ஆம்பியர். தொடர்ந்து இழுக்காதீர்கள்: ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர் முனையில், கை வைக்கும் சூட்டுக்கு ஆறியபின் இடையில். இழுத்தால் தகடு நெளியும் அல்லது ஓட்டை விழும். வேலைக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பின் ஆர்ச்சருகே பெட்ரோல் குழாய் போகிறதா என்று பாருங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் ஒட்டாமல் ஈரத்துணி போர்த்துங்கள். தகட்டைக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்டு வைக்கவே கூடாது. சூட்டில் அது நச்சு வாயுவாகிறது.

வெட்டுக்கு ஓர் எல்லை உண்டு. கோடு சில்லுக்குள்ளோ கதவுத் தூணுக்குள்ளோ சீட் பெல்ட் பிடிமானத்தின் பக்கமோ போனால் நிறுத்துங்கள். அங்கே ஒரு சென்டிமீட்டர் கூடக் கிடைக்கும் என்று வெட்டுவதைவிட ஒரு சுற்று சிறிய டயர் நல்லது. ஃபெண்டர் வெட்டும் 25 மி.மீ. பாடி லிஃப்டும் சேர்ந்தால் பல நேரம் இந்த எல்லைக்குள்ளேயே வேலை முடியும்.

துருவுக்கு: கன்வர்ட்டர், ஃபைபர், புதுத் தகடு

பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த கன்வர்ட்டர் (துருவை நிலையான படலமாக மாற்றும் திரவம்), தகட்டோடு இறுகிய மெல்லிய துருவுக்கு நன்றாக வேலை செய்யும். உதிரும் துருவை முதலில் கம்பி பிரஷ்ஷால் எடுத்தால்தான் அது இரும்பைத் தொடும். இரண்டு தகட்டு இடுக்குக்குள் அது போகாது. பாஸ்பாரிக் வகையில் மிஞ்சிய அமிலத்தைப் புட்டியில் சொன்னபடி கழுவித் துடைக்காவிட்டால் மேலே அடிக்கும் எப்பாக்ஸி பிரைமர் பிடிக்காமல் உரியும்.

ஓட்டையின் மேல் ஃபைபர் துணியும் பட்டியும் வைப்பது இவற்றில் மோசமானது. வெளியே வழவழப்பாக இருக்கும். பின்னாலிருந்து ஈரம் வரும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். துரு மூடிக்கொண்டே பரவும். டயர் எறியும் கல் பட்டால் துண்டாக விழும். பட்டி தேவைப்படுவது, வெல்டு தேய்த்து எப்பாக்ஸி அடித்த பின், ஓரிரு மி.மீ. மட்டம் செய்வதற்கு மட்டும்.

முனை இறங்கிய இடத்துக்குப் புதுத் தகடுதான். 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்த வெறும் இரும்பில் இரண்டு கலவை எப்பாக்ஸி பிரைமர், மடிப்பில் சீம் சீலண்ட், உள்பக்கம் கல்லடி தாங்கும் பூச்சு, அதன்மேல் பெயின்ட். மூடிய குழிக்குள் எல்லாம் காய்ந்த பிறகு, நீண்ட குழாய் முனையால் கேவிட்டி வாக்ஸ் என்கிற துருத்தடுப்பு மெழுகு. வெல்டு வைப்பதற்கு முன் வாக்ஸ் அடித்தால் அது தீப்பற்றும்.

வெட்டிய விளிம்பில் ரப்பர் பீடிங் செருகி மறைக்காதீர்கள். அது தண்ணீரைப் பிடித்துவைக்கும் வாய்க்கால். வெளியே தள்ளி நிற்கும் டயரை மூடும் ஃபெண்டர் ஃபிளேர் மாட்டுவதானால் ஓட்டைகளைத் துளைத்து, ஒவ்வொன்றின் வெட்டுமுகத்துக்கும் எப்பாக்ஸி தொட்டு, காய்ந்த பின் நைலான் வாஷரோடு போல்ட் போடுங்கள். ஃபிளேருக்கும் பாடிக்கும் நடுவே பட்டை வைத்தால் கீழ்முனையில் 20 மி.மீ. திறந்து விடுங்கள், மேலே புகுந்த தண்ணீர் வடிய வழி வேண்டும். சில்லின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறங்கள். முதல் சேற்றுப் பயணம் முடிந்ததும் ஃபிளேரை ஒரு தடவை கழற்றி, உள்ளே டயர் தொட்ட கருங்கோடு ஏதும் இருக்கிறதா, பூச்சு அங்கே பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே எப்பாக்ஸி தொட்டு, பம்ப் ஸ்டாப்பை இன்னும் 5 மி.மீ. நீட்டுங்கள்.