டார்க்டேபிள் 5.2: கல்யாண வேலைக்குத் தாங்குமா?

லினக்ஸுக்கு மாறலாமா என்று யோசிக்கும் ஃபோட்டோகிராஃபர்களின் முதல் கேள்வி, "லைட்ரூமுக்குப் பதில் என்ன?" என்பதுதான். படங்களை வகைப்படுத்தித் திருத்த உதவும் லைட்ரூமை அடோபி நிறுவனம் லினக்ஸுக்குத் தருவதில்லை. ரா ஃபைல்களை (கேமரா சென்சார் பதிந்த, பதப்படுத்தாத படங்களை) டெவலப் செய்ய ராதெரபி, டார்க்டேபிள் என்று இரண்டு தரமான இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டாயிரம் படம் எடுத்துவந்து, வேண்டாதவற்றைக் கழித்து, ஒரே சீராகக் கலர் போட்டு, மொத்தமாக வெளியே எடுக்க வேண்டியவர்களுக்கு டார்க்டேபிள்தான் பொருத்தம். 2009-இலிருந்து வளர்ந்துவரும் மென்பொருள் இது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும் புதிய பதிப்பு வருகிறது. இங்கே பேசுவது 2025 ஜூனில் வந்த 5.2 பற்றி.

மாறுவதற்கு முன் கேமராவைப் பாருங்கள். நிக்கான் இசட்8, இசட்9 வைத்திருப்பவர்கள் ராவை "ஹை எஃபிஷியன்சி" முறையில் எடுத்திருந்தால் அந்த ஃபைல்கள் இதில் திறக்காது. கேமரா மெனுவில் "லாஸ்லெஸ் கம்ப்ரஷன்" என்று மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் பழைய ஆர்டர்கள் அந்த முறையில் இருந்தால் அவற்றுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

லினக்ஸில் எதைப் போடுவது என்றால், லினக்ஸ் மின்ட் போடுங்கள். மானிட்டர் கேலிப்ரேஷன், அதாவது திரையில் நிறம் சரியாகத் தெரியும்படி அளந்து திருத்துவதுதான் காரணம். ஸ்பைடர், ஐ1டிஸ்ப்ளே போன்ற கருவிகளை லினக்ஸில் இயக்குவது ஆர்கில் என்ற தொகுப்பும் அதன்மேல் ஓடும் டிஸ்ப்ளேகேலும். லினக்ஸில் திரையைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-இல் இவை ஒழுங்காக வேலை செய்யும்; புதிய முறையான வேலண்டில் இன்னும் தகராறுதான். மின்டின் டெஸ்க்டாப்பான சினமன் எக்ஸ்11-ஐயே இயல்பாக வைத்திருக்கிறது. அதன் சொந்தக் களஞ்சியத்தில் கிடைக்கும் டார்க்டேபிள் பழைய பதிப்பு. அதை விட்டுவிட்டு சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே ஃப்ளாட்பேக் (எந்த லினக்ஸிலும் ஓடும் தனிப் பொதி) பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். என்விடியா கார்டு என்றால் டிரைவர் மேனேஜரில் நிறுவனத்தின் டிரைவரைப் போட்டுவிட்டு, டார்க்டேபிளின் பிரிஃபரன்ஸஸில் புராசஸிங் பக்கத்தில் ஓப்பன்சிஎல் (கணக்கு வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஓடாவிட்டால் எல்லாமே சிபியூ தலையில் விழும். நாய்ஸ் குறைக்கும் மாட்யூலை (எடிட்டிங் கருவியை) தொட்டதுமே மெஷின் மூச்சு வாங்கும். 16 ஜிபி ராம், 4 ஜிபி உள்ள கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் நிம்மதி.

லைட்ரூம் சந்தாவை நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+எஸ் அழுத்துங்கள். ஸ்டார், கலர் லேபிள், கீவேர்டு எல்லாம் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எக்ஸ்எம்பி ஃபைலாக எழுதப்படும். டார்க்டேபிள் இவற்றைப் படித்துக்கொள்ளும். கிராப், எக்ஸ்போஷர் போன்ற சில எடிட்களும் வரும், ஆனால் படம் பழையபடி தெரியாது. முடிந்துபோன ஆர்டர்களை 16 பிட் டிஃப் ஆகவோ முழு அளவு ஜேபெக் ஆகவோ எடுத்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

படங்கள் விண்டோஸ் டிரைவில் இருந்தால் இன்னொரு சிக்கல். விண்டோஸின் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" ஆனில் இருந்தால், கணினியை அணைத்தாலும் அது முழுதாக அணையாது. அந்த டிரைவை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும். டார்க்டேபிளால் எக்ஸ்எம்பி எழுத முடியாமல் எடிட்கள் டேட்டாபேஸில் மட்டும் தங்கிவிடும். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் அதை ஆஃப் செய்துவிட்டு வாருங்கள். ஃபைல்களை வெளியே ஃபைல் மேனேஜரில் பெயர் மாற்றவோ நகர்த்தவோ கூடாது. அப்படிச் செய்தால் படத்துக்குப் பதில் மண்டையோடு தெரியும். மாற்ற வேண்டியதை டார்க்டேபிளுக்குள்ளேயே மாற்றுங்கள்.

படம் கழிப்பது வேகமாக இருக்க, பிரிஃபரன்ஸஸில் லைட்டேபிள் (படங்களை வரிசையாகப் பார்க்கும் பகுதி) பக்கத்தில் "ஜேபெக்குக்குப் பதில் ரா" என்று வரும் அமைப்பை "நெவர்" என்று வையுங்கள். கேமரா உள்ளே வைத்த ஜேபெக்கையே காட்டுவதால் அடுத்தடுத்த படம் உடனே வரும். எக்ஸ் அழுத்தினால் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆர் என்றால் கழிவு, 1 முதல் 5 வரை ஸ்டார்.

எடிட்டிங் பக்கம் வந்ததும்தான் பலர் கைவிடுகிறார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட மாட்யூல் கண்ணில் படும். ஹைலைட், ஷேடோ என்று லைட்ரூம் ஸ்லைடர்களைத் தேடினால் தலைசுற்றும். தேவை ஐந்துதான்: எக்ஸ்போஷர், கலர் கேலிப்ரேஷன், சிக்மாய்ட், டோன் ஈக்வலைசர், கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி. முதலில் எக்ஸ்போஷரை முகம் சரியாகத் தெரியும்வரை ஏற்றுங்கள். பின்னால் எரியும் விளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை அடக்குவது சிக்மாய்டின் வேலை. சிக்மாய்ட் போட்டால் அதே வேலையைச் செய்யும் ஃபில்மிக் மாட்யூலைப் போடாதீர்கள், ஒன்றே போதும். ஒயிட் பேலன்ஸ் மாட்யூலை மட்டும் தொடாதீர்கள். நிற வெப்பநிலையைக் கலர் கேலிப்ரேஷன் பார்த்துக்கொள்கிறது. இரண்டையும் திருப்பினால் சிவப்பில் எச்சரிக்கை வரும், தோலின் நிறமும் கெட்டுவிடும்.

கல்யாண வேலைக்கு இதில் என்னை மிகவும் கவர்ந்தது எக்ஸ்போஷர் மாட்யூலின் அடியில் ஒளிந்திருக்கும் "ஏரியா எக்ஸ்போஷர் மேப்பிங்". நன்றாக வந்த ஒரு படத்தில் அதை "மெஷர்" என்று வைத்து மணப்பெண்ணின் கன்னத்தில் ஒரு சின்னக் கட்டம் வரையுங்கள். அந்த வெளிச்ச அளவு இலக்காகப் பதிவாகும். அடுத்த படத்தில் "கரெக்‌ஷன்" என்று மாற்றி அதே கன்னத்தில் கட்டம் வரைந்தால் எக்ஸ்போஷர் தானே பொருந்திவிடும். ஃபிளாஷ் கூடக்குறைய விழுந்த மேடைப் படங்களை இதைவிடச் சீராக ஒழுங்குபடுத்த முடியாது. நிறத்துக்கும் இதே ஏற்பாடு கலர் கேலிப்ரேஷனில் இருக்கிறது. ஒரே விளக்கில் எடுத்த தொடர் என்றால் கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+வி போதும்.

ஹோமத் தீயும் பட்டுப்புடவையும் ஒரே படத்தில் வந்தால் மென்பொருளின் சாயம் தெரிந்துவிடும். சிக்மாய்டில் "பிரிசர்வ் ஹியூ" 100-இல் இருக்கும்போது அரக்குச் சிவப்பு அரக்காகவே நிற்கும். ஆனால் தீயின் மஞ்சள் நாக்கு ரோஜா நிறத்துக்குப் போய், தீ மாதிரியே இருக்காது. அதே ஸ்லைடரை 40, 50-க்கு இறக்கினால் தீ உயிர்பெறும். புடவையின் வெளிச்சமான மடிப்புகள் ஆரஞ்சுக்கு வழுக்கும். முகமும் புடவையும் முக்கியமான படத்தில் 100, தீயை நெருங்கி எடுத்த படத்தில் 50, இரண்டும் இருந்தால் 70 என்று தொடங்குங்கள். மடிப்பு தெரியாமல் சிவப்பு மொத்தையாகிவிட்டால் முதலில் ரா ஓவர்எக்ஸ்போஸ்டு குறியை (ராவிலேயே வெளிச்சம் மிஞ்சிய இடத்தைக் காட்டுவது) ஆன் செய்து பாருங்கள். பெரும்பாலும் ராவில் சிவப்பு வெட்டுப்பட்டிருக்காது, திரைக்கும் ஜேபெக்குக்குமான நிற எல்லையான எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காமல்தான் மொத்தையாகிறது. கலர் பேலன்ஸ் ஆர்ஜிபியில் நிறச் செறிவைக் குறிக்கும் குரோமாவைக் கொஞ்சம் குறைத்தால் நெசவு திரும்பி வரும். ஜரிகையும் அப்போது தனித்துத் தெரியும்.

டோன் ஈக்வலைசர் சரியாக வேலை செய்யவில்லை என்று பலர் சொல்வது மாஸ்க்கை (படத்தை வெளிச்ச அளவுப்படி பகுதிகளாகப் பிரிப்பது) சரிசெய்யாததால். மாஸ்க்கிங் தாவலில் எக்ஸ்போஷர், கான்ட்ராஸ்ட் இரண்டுக்கும் பக்கத்தில் உள்ள மந்திரக்கோல்களைத் தட்டிவிட்டு, படத்தில் நிழலான முகத்தின்மேல் மவுஸை வைத்து உருட்டுங்கள். அந்தப் பகுதி மட்டும் தூக்கும்.

குறைகளும் இருக்கின்றன. ஒரு தட்டலில் ஆளைப் பிரிக்கும் ஏஐ மாஸ்க் 5.2-இல் இல்லை, கையால் வரைய வேண்டும். உயர் ஐஎஸ்ஓ நாய்ஸை "டீனாய்ஸ் புரொஃபைல்டு" நன்றாகவே குறைக்கிறது, ஆனால் அடோபியின் ஏஐ டீனாய்ஸ் தரும் மழமழப்பு இதில் வராது. பதிப்பை உயர்த்தினால் டேட்டாபேஸும் சேர்ந்து மாறும், பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. கையில் ஆர்டர் பாதியில் இருக்கும்போது அப்டேட் செய்யாதீர்கள்.

ஆல்பம் டிசைன் வேறு கதை. கடைகளில் விற்கும் 12x36 பிஎஸ்டி (போட்டோஷாப் ஃபைல்) டெம்ப்ளேட்களை இலவச மென்பொருளான ஜிம்ப் 3.0 திறக்கும், ஆனால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், லேயர் ஸ்டைல், டெக்ஸ்ட் எல்லாம் போட்டோஷாப்பில் இருந்தபடியே வராது. ஆல்பத்தையும் நீங்களே போடுபவர் என்றால் அதற்கென்று ஒரு விண்டோஸ் மெஷினை விட்டுவையுங்கள். ஆல்பத்தை லேபில் கொடுப்பவர் என்றால் 95 தரத்தில் எஸ்ஆர்ஜிபி ஜேபெக் எடுத்துக் கொடுங்கள், அதற்கு டார்க்டேபிளே போதும்.