நிறக் குடைமிளகாயா, சிவப்புத் தண்டுக்கீரையா: அல்சூர் மொட்டைமாடிக் கணக்கு

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் பன்னிரண்டு வளர்ப்புப் பைகளுக்கு மேல் வைக்க இடமில்லை. சிவப்பு, மஞ்சள் குடைமிளகாயையும் சிவப்புத் தண்டுக்கீரையையும் பாதிக்குப் பாதியாக இரண்டு பருவங்கள் வளர்த்துப் பார்த்த பிறகு, இப்போது ஒன்பது பைகளைக் கீரைக்கும் மூன்றை மட்டும் குடைமிளகாய்க்கும் ஒதுக்கியிருக்கிறோம்.

பார்வைக்குக் குடைமிளகாயே அழகு. கடையில் அதன் விலை கூடுதல் என்பதால் ஆசையும் கூடுதல். மண்கலவையிலும் வெயில் தேவையிலும் பெரிய வேறுபாடில்லை. எங்கள் முடிவைத் தீர்மானித்தது நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டிய காலம்தான்.

குடைமிளகாயின் சிவப்பும் மஞ்சளும் பழுத்த காயின் நிறங்கள். நாற்று நட்டதிலிருந்து ஏறத்தாழ 70 முதல் 80 நாள்களில் காய் பச்சையாக முழு வளர்ச்சி பெறுகிறது. நிறம் மாற மேலும் இரண்டு மூன்று வாரங்கள் அது செடியிலேயே இருக்க வேண்டும். அந்த வாரங்களில் சத்தெல்லாம் பழுக்கும் காய்க்கே போவதால் புதுப் பிஞ்சுகள் குறைகின்றன. இலைப்பேன் தாக்கினால் இலை மேல்நோக்கியும், சிலந்திப்பேன் தாக்கினால் கீழ்நோக்கியும் சுருளும் என்பதால், நாள்தோறும் இலையைத் திருப்பிப் பார்த்து வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்க ஆள் வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது ஆறு செடிகளில் நான்கு சுருண்டு கிடந்தன. காய்கள் பச்சையாகவே நின்றுவிட்டன. கடைக்கு வரும் நிறக் காய்களைப் பெரும்பாலும் பசுமைக்குடிலில் விளைவிப்பது ஏன் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

இங்குள்ளவர்கள் கன்னடத்தில் கெம்பு தண்டின சொப்பு என்று கேட்டு வாங்கும் சிவப்புத் தண்டுக்கீரைக்கோ, நிறம் நாற்றுப் பருவத்திலேயே வந்துவிடுகிறது. கடுகைவிடச் சிறிய விதையை மணலோடு கலந்து தூவி, எறும்பு இழுத்துக்கொண்டு போகாமல் மெல்லிய மண்போர்வை இட்டால் போதும். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா அருணிமா என்னும் ஊதா இலை ரகம், விதைத்த 30 நாளில் முதல் அறுப்புக்கும், பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் மேலும் இரண்டு அறுப்புகளுக்கும் வருகிறது. ஊருக்குப் போனாலும் இழப்பது ஓர் அறுப்பு மட்டுமே; ஒரு பருவத்து உழைப்பு வீணாவதில்லை.

கீரைக்கும் குறைகள் உண்டு. அதன் செந்நிறம் நீரில் கரையக்கூடியது. வேகவைத்து நீரை வடித்தால் நிறமும் அதோடு போய்விடுகிறது. ஆகவே நீர் தெளித்துப் பொரியலாகவே செய்கிறோம். மழைக்காலத்தில் இலையின் அடியில் வெண்ணிறக் கொப்புளங்கள் தோன்றுகின்றன; அத்தகைய இலைகளை உடனே கிள்ளி எறிய வேண்டியிருக்கிறது. காற்றினால் மகரந்தம் பரவுவதால், பக்கத்தில் பச்சைத் தண்டுக்கீரை பூத்திருந்தால் நாம் எடுத்து வைக்கும் விதையிலும் கலப்பு நேரலாம்.

ஆயினும் குடைமிளகாயைப் பற்றிய என் அனுபவம் இரண்டே பருவங்களோடு நிற்பது. ஏப்ரல் வெயிலில் பூக்கள் உதிர்ந்தபோது நான் நிழல்வலை கட்டிப் பார்க்கவில்லை. வலையும் நாள்தோறும் மாடி ஏற ஆளும் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு மாறலாம். எங்கள் வீட்டில் அந்த மூன்று பைகளிலும் காய்களைப் பச்சையாகவே பறித்துவிட்டு, செடிக்கு ஒன்றை மட்டும் பழுக்க விடுகிறோம்.