ஓவியமா, துணி வடிவமைப்பா? சேலத்துப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடித்து சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் சேலத்துப் பிள்ளைகளில் பலர் ஓவியத்தைத்தான் முதலில் நினைக்கிறார்கள். 1850-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் துணி வடிவமைப்பும் இருக்கிறது. இரண்டுமே நான்காண்டு பி.எஃப்.ஏ. (இளங்கலை கவின் கலைப் பட்டம்) படிப்புதான்.

ஓவியம் கண்ணையும் கையையும் ஆழமாகப் பழக்கும். சினிமா கலைத்துறை, சுவரோவியம், புத்தகப் படம், பள்ளி ஓவிய ஆசிரியர் வேலை என வழிகள் உண்டு. ஆனால் படம் விற்றே பிழைப்பது லேசில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, அங்கிருந்த ஓவியர்களுக்கே மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணிகளும் கைவினைப் பொருள்களும்தான் சோறு போட்டன.

துணி வடிவமைப்பின் கதை வேறு. சேலை முந்தானையில் ஒரு மயில் வேண்டுமென்றால், அதைக் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். அதன்படி, தறியில் உருவம் நெய்ய உதவும் ஜக்கார்டு கருவியின் அட்டையில் ஓட்டை விழும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளில் எது மேலே எழும் என்பதை அதுதான் சொல்லும். மயில் கழுத்தின் வளைவு படிக்கட்டுபோல உடையாமல் வருவதில்தான் திறமையே இருக்கிறது. இப்போது கணினியில் வரைகிறார்கள், சரி. கை வரைச்சல் தெரியாதவர்களுக்கு அங்கேயும் திணறல்தான்.

இளம்பிள்ளையிலும் அம்மாப்பேட்டையிலும் தறி ஓடும் ஊர் நமது. வேலையை வீட்டுப் பக்கத்திலேயே தேடலாம் என்பதால் என் ஓட்டு துணிக்குத்தான். ஓவியம் இல்லாமல் இருக்கவே முடியாது என்கிற பிள்ளையை மட்டும் தடுக்காதீர்கள்.